புரதத்தின் பிறப்பும் பயணமும்: தில்லி வழக்கொன்றின் பின்னணியில்

1. முன்னுரை

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மன்மோகன் ஒரு தீர்ப்பை வழங்கினார். ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்காக 2013ஆம் ஆண்டில் தொடுக்கப்பட்ட வழக்கு அது. சிறுவனின் தந்தை ரிக்‌ஷா ஓட்டிப் பிழைப்பவர். சிறுவனின் உடன்பிறந்தோரும் அதே நோயால் முன்னரே இறந்திருந்தனர். அந்நோய்க்குக் கோஷே நோய் என்று பெயர். அதற்கு மருந்து இல்லாமல் இல்லை. வழக்குத் தொடுக்கப்படுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மேலைநாடுகளில் அம்மருந்து வழக்கில் உள்ளது. ஆனால் அதன் செலவு மாதந்தோறும் பல இலட்சம் ரூபாய். அதனையும் வாழ்நாள் முழுவதும் தரவேண்டும்.

அம்மருந்து ஒரு புரதம். நலமுடைய மனிதர் ஒவ்வொருவரின் உடலிலும் உயிரணுக்கள் நாள்தோறும் தாமே செய்துகொள்ளும் பொருள்தான் அது. ஓர் உயிரணு ஓசையின்றிச் செய்து முடிக்கும் பணியை ஆலைகள் செய்யும்போது ஏன் இத்துணைப் பொருட்செலவு ஏற்படுகிறது? அச்சிறுவனின் உயிரணுக்கள் எந்த இடத்தில் தவறின? வெளியிலிருந்து ஊசிவழிச் செலுத்தப்படும் புரதம் உரிய உயிரணுவின் உரிய அறையை எவ்வாறு சென்றடைகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண, உயிரணு புரதத்தை எவ்வாறு ஆக்குகிறது, எவ்வாறு திருத்துகிறது, எவ்வாறு அனுப்புகிறது என்பவற்றை முறையே அறிதல் வேண்டும். கோஷே நோயோடு தொடர்புடைய ஒரு புரதத்தின் பிறப்பு முதல் இறுதி வரையிலான பயணத்தைப் பின்தொடர்ந்து அவ்வழிமுறையை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

2. எழுத்தும் மொழிபெயர்ப்பும்

மரபுச் செய்தியைப் பற்றிப் பேசுமிடத்து உயிரியலாளர் மொழித்துறைச் சொற்களையே பெரிதும் கடன் கொண்டுள்ளனர். எழுத்து, குறியீடு, படியெடுத்தல், மொழிபெயர்ப்பு என்பன அத்தகையன. அவை வெறும் உவமைகள் அல்ல. நிகழ்வின் இயல்பே அத்தகையது.

உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. நான்கு வேதிப்பொருள்களால் எழுதப்பட்ட நீண்ட ஏடு எனலாம். மனித உடலில் புரதங்களுக்குரிய மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றுள் ஒன்று முதலாம் குரோமோசோமில் அமைந்துள்ள ஜி.பி.ஏ.1 என்னும் மரபணு. குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்னும் நொதிக்கான செய்தி அதில் உள்ளது. மூல ஏடு உட்கருவை விட்டு வெளியேறுவதில்லை. தேவைப்படும் பகுதி மட்டும் தூது ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்படுகிறது. இதுவே படியெடுத்தல். இப்படியில் இருந்து பொருளற்ற இடைப்பகுதிகள் நீக்கப்பட்டு, எஞ்சியவை இணைக்கப்பட்ட பின்னரே அது உட்கருவின் துளைகள் வழியே வெளிவருகிறது.

படியெடுத்தலில் மொழி மாறுவதில்லை; ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளும் டி.என்.ஏ.வின் எழுத்துகளும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் புரதத்தின் மொழி வேறு. அது இருபது அமினோ அமிலங்களால் ஆனது. நான்கு எழுத்து மொழியிலிருந்து இருபது எழுத்து மொழிக்கு மாற்றும் செயலே மொழிபெயர்ப்பு. ஆர்.என்.ஏ.வில் மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல். அவ்வாறு அமையக்கூடிய சொற்கள் 64. அவற்றுள் 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கும். எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். இவ்வகராதியைத் தொகுத்தவர்களுள் ஒருவர் பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. வேண்டிய வரிசையில் எழுத்துகளை அமைத்து ஆர்.என்.ஏ. தொடர்களைச் செயற்கையாக உருவாக்கி, எந்தச் சொல் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்பதை அவர் நிறுவினார். நைரன்பர்க், ஹாலி ஆகியோருடன் 1968ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவர் பெற்றார்.

மொழிபெயர்ப்பு நிகழுமிடம் ரைபோசோம். கடத்து ஆர்.என்.ஏ. என்னும் சிறு மூலக்கூறுகள் அங்குத் துபாஷிகளாகப் பணியாற்றுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு முனையில் மூவெழுத்துச் சொல்லை இனங்காணும்; மறுமுனையில் அதற்குரிய அமினோ அமிலத்தைச் சுமந்திருக்கும். துபாஷி கொண்டுவந்த சொல் பொருந்துகிறதா என்பதை ரைபோசோமின் சிறுகூறு சரிபார்க்கிறது. அமினோ அமிலங்களைப் பிணைக்கும் பணியைப் பெருங்கூறு செய்கிறது. சிறுகூறின் அணுநிலைக் கட்டமைப்பை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டவர்களுள் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது.

மனித உயிரணுவில் ஒரு ரைபோசோம் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது. குளுக்கோசெரிப்ரோசிடேஸ் 536 அமினோ அமிலங்களாகத் தொடங்குவது. ஆகவே இரண்டு நிமிடங்களுக்குச் சற்று முன்பின்னாக அதன் சங்கிலி முழுமையடைகிறது.

3. முகப்பில் எழுதிய முகவரி

உயிரணு ஒரே அறையால் ஆனதன்று. அதனுள் சவ்வுகளால் சூழப்பட்ட பல அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறைக்கும் உரிய புரதங்கள் வேறு. ரைபோசோமில் பிறக்கும் புரதம் தான் செல்லவேண்டிய இடத்தை எவ்வாறு அறிகிறது என்னும் வினாவிற்கு 1970களில் குந்தர் புளோபல் விடை கண்டார். புரதச் சங்கிலியின் தொடக்கத்திலேயே முகவரி எழுதப்பட்டுள்ளது என்பது அவர் கருத்து. பின்னாளில் அது மெய்ப்பிக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

குளுக்கோசெரிப்ரோசிடேஸின் முதல் 39 அமினோ அமிலங்கள் இத்தகைய முகவரித் தொடராகும். நீரை விரும்பாத அமினோ அமிலங்கள் இத்தொடரின் நடுவே செறிந்துள்ளன. இத்தொடர் ரைபோசோமை விட்டுத் தலைநீட்டியவுடன், ஓர் ஆர்.என்.ஏ.வும் ஆறு புரதங்களும் சேர்ந்த ஒரு துகள் அதனைப் பற்றிக்கொள்கிறது. மொழிபெயர்ப்பு சற்றே தயங்கி நிற்கிறது. அத்துகள் ரைபோசோமை எண்டோபிளாச வலைப்பின்னல் என்னும் சவ்வறையின் புறத்தே கொண்டுசேர்க்கிறது. அங்குள்ள வாயில் திறக்கிறது. மொழிபெயர்ப்பு மீண்டும் தொடர, சங்கிலி வளர வளர அவ்வாயில் வழியே உள்ளே நுழைகிறது. உள்ளே நின்ற ஒரு நொதி முகவரித் தொடரை வெட்டி நீக்குகிறது. எஞ்சுவன 497 அமினோ அமிலங்கள்.

இந்நிகழ்வு மருத்துவ நூல்களில் ஓர் எண் மயக்கத்திற்கும் காரணமாயிற்று. முன்னாளில் ஆய்வாளர் முதிர்ந்த புரதத்தின் முதல் அமினோ அமிலத்தை ஒன்று எனக் கொண்டு எண்ணினர். இன்று முகவரித் தொடரையும் சேர்த்து எண்ணுகின்றனர். ஆகவே பழைய நூல்களில் 444ஆம் இடம் எனக் குறிக்கப்படுவதே புதிய ஆய்வறிக்கைகளில் 483ஆம் இடமாகிறது. வேறுபாடு சரியாக 39.

4. மடிப்பும் தணிக்கையும்

சங்கிலியாக மட்டும் இருக்கும் புரதம் பயன்படாது. அது தனக்குரிய முப்பரிமாண வடிவில் மடியவேண்டும். சங்கிலி எவ்விடத்தில் எக்கோணத்தில் திரும்பலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அவ்வரம்பை வரைபடமாக்கிக் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கோ. நா. இராமச்சந்திரன். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அவ்வரைபடம் இன்றளவும் புரதக் கட்டமைப்புகளைச் சரிபார்க்கும் உரைகல்லாக உலகெங்கும் வழங்குகிறது. அமினோ அமிலங்களுள் புரோலின் தனித்தன்மையுடையது. அதன் பக்கச்சங்கிலி வளைந்து முதுகெலும்போடு மீண்டும் இணைவதால் அது திரும்பக்கூடிய கோணங்கள் மிகக் குறைவு. இராமச்சந்திரன் வரைபடத்தில் புரோலினுக்குரிய பகுதி குறுகியதாகக் காணப்படுவது இதனாலேயே.

எண்டோபிளாச வலைப்பின்னலினுள் நுழையும்போதே புரதத்தின் மீது சர்க்கரைக் கிளைகள் ஏற்றப்படுகின்றன. பதினான்கு சர்க்கரைக் கூறுகள் கொண்ட ஆயத்தக் கிளை ஒன்று, அஸ்பரஜின் என்னும் அமினோ அமிலத்தின்மேல் ஒட்டப்படுகிறது. குளுக்கோசெரிப்ரோசிடேஸில் நான்கு இடங்களில் இவ்வாறு கிளைகள் அமைகின்றன. பின்னர் அக்கிளையின் நுனியிலுள்ள குளுக்கோஸ் கூறுகள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்படுகின்றன. துணைப்புரதங்கள் சில, நுனியில் ஒரே குளுக்கோஸ் எஞ்சிய புரதத்தைப் பற்றிக்கொண்டு மடிப்புக்கு உதவுகின்றன. மடிப்பு சரியாக முடிந்தால் புரதம் விடுவிக்கப்படும். முடியவில்லையெனின் மற்றொரு நொதி குளுக்கோஸை மீண்டும் ஒட்டித் திருத்தத்திற்குத் திருப்பியனுப்பும். பலமுறை முயன்றும் தேறாத புரதம் வெளியேற்றப்பட்டுச் சிதைக்கப்படும். இத்தணிக்கை மிகக் கடுமையானது. இக்கடுமையிலேயே கோஷே நோயின் வேர் பெரிதும் அமைந்துள்ளது.

இந்திய நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை, பழைய எண்ணிக்கையில் 444ஆம் இடத்தில் நிகழ்வது. அங்கு லியூசின் இருக்கவேண்டும். அதற்குரிய சொல் சி-யூ-ஜி. நடுவிலுள்ள ஓர் எழுத்து மாறி சி-சி-ஜி என்றானால் அது புரோலினைக் குறிக்கும். தமிழில் ஓரெழுத்து மாறினால் மரம் மறமாவது போன்றது இது. இவ்விடம் நொதி வினைபுரியும் மையத்தில் இல்லை; தொலைவில் உள்ள வேறொரு பகுதியின் உட்புறத்தில் உள்ளது. ஆயினும் வளைய மறுக்கும் புரோலின் அங்கு அமர்ந்ததும் அப்பகுதியின் மடிப்பு நிலைகுலைகிறது. தணிக்கையாளர் அதனைத் தடுத்துவிடுகின்றனர். பெரும்பகுதி சிதைக்கப்படுகிறது. உரிய இடத்தை அடைந்திருந்தால் ஓரளவேனும் பணியாற்றக்கூடிய நொதியும் வழியிலேயே அழிகிறது. ஆகவே இதனை வினைத்திறன் குறைவு என்பதோடு பயணத் தடை என்றும் கொள்ளவேண்டும்.

5. அஞ்சல் நிலையமும் வழிகாட்டிகளும்

தணிக்கையில் தேறிய புரதங்கள் சிறு சவ்வுக் குமிழ்களில் அடைக்கப்பட்டுக் கோல்கை உறுப்பிற்கு அனுப்பப்படுகின்றன. இவ்வழியை முதலில் புலப்படுத்தியவர் ஜார்ஜ் பாலடே. 1960களில் கணைய உயிரணுக்களுக்குக் கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலங்களைச் சிறுபொழுது அளித்து, அவை நேரம் செல்லச் செல்ல எந்த அறையில் காணப்படுகின்றன என்பதை அவரும் உடனாய்வாளரும் மின்னணு நுண்ணோக்கி வழிக் கண்டனர். முதலில் எண்டோபிளாச வலைப்பின்னல், பின்னர்க் கோல்கை உறுப்பு, அதன்பின் சுரப்புத் துகள்கள் என்ற வரிசை தெளிவாயிற்று. 1974ஆம் ஆண்டில் பாலடே, ஆல்பர்ட் கிளாட், லைசோசோமைக் கண்டறிந்த கிறிஸ்டியான் டி டுவே ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குமிழ்கள் எவ்வாறு உருவாகின்றன, இலக்கை எவ்வாறு இனங்கண்டு இணைகின்றன என்பதை ஈஸ்ட் உயிரணுக்களின் மரபணுப் பிழைகள் வழி ராண்டி ஷேக்மனும், உயிரணுவிற்கு வெளியே சோதனைக் குழாயில் ஜேம்ஸ் ராத்மனும், நரம்பு முனைகளில் தாமஸ் சூதோஃபும் விளக்கினர். 2013ஆம் ஆண்டின் நோபல் பரிசு அம்மூவருக்கும் உரியதாயிற்று.

கோல்கை உறுப்பில் சர்க்கரைக் கிளைகள் மேலும் செதுக்கப்படுகின்றன. சில கூறுகள் நீக்கப்பட்டு வேறு கூறுகள் சேர்க்கப்படுகின்றன. இறுதியில் புரதங்கள் தரம் பிரிக்கப்பட்டுச் சில உயிரணுவிற்கு வெளியேயும், சில புறச்சவ்விற்கும், சில லைசோசோமிற்கும் அனுப்பப்படுகின்றன. லைசோசோமிற்கு உரிய நொதிகளுள் பெரும்பாலானவற்றின் சர்க்கரைக் கிளையில் மேனோஸ்-6-பாஸ்பேட் என்னும் முத்திரை குத்தப்படுகிறது. அம்முத்திரையைப் படிக்கும் ஏற்பிகள் அவற்றைப் பற்றி உரிய குமிழில் ஏற்றுகின்றன. முத்திரை குத்தும் நொதி இல்லாதவர்களுக்கு ஐ-செல் நோய் என்னும் கொடிய நோய் ஏற்படுகிறது. லைசோசோம் நொதிகள் வழிதவறி இரத்தத்தில் கலந்துவிடுகின்றன.

இங்கு ஒரு புதிர் இருந்தது. ஐ-செல் நோயாளிகளிடத்தும் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் மட்டும் லைசோசோமில் ஏறக்குறைய இயல்பான அளவில் காணப்பட்டது. எனவே அதற்கு வேறு வழிகாட்டி இருத்தல் வேண்டும் என்று ஆய்வாளர் கருதினர். 2007ஆம் ஆண்டில் அவ்வழிகாட்டி லிம்ப்-2 என்னும் சவ்வுப் புரதம் என்று கண்டறியப்பட்டது. அது எண்டோபிளாச வலைப்பின்னலிலேயே நொதியின் கைப்பற்றி, கோல்கை வழியாக லைசோசோம் வரை உடன் செல்கிறது. லைசோசோமின் உட்புறம் அமிலத்தன்மை மிக்கது. அவ்வமிலச் சூழலில் பிடி தளர்ந்து நொதி விடுபடுகிறது. அந்நொதி திறம்படப் பணியாற்றுவதும் அச்சூழலிலேயே.

6. நொதி வராத அறை

லைசோசோம் உயிரணுவின் செரிமான அறை. பழைய பொருள்கள் அங்குச் சிதைக்கப்பட்டு மீண்டும் பயன்படும் கூறுகளாக்கப்படுகின்றன. சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். மூப்படைந்த இரத்த அணுக்களை மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் உள்ள பெருவிழுங்கணுக்கள் விழுங்கிச் செரிக்கின்றன. அவ்வணுக்களின் சவ்விலிருந்து கிடைக்கும் கொழுப்புகளுள் ஒன்று குளுக்கோசெரிப்ரோசைட். அதனைக் குளுக்கோஸ், செரமைடு என்று இரண்டாகப் பிரிப்பதே குளுக்கோசெரிப்ரோசிடேஸின் பணி.

நொதி வந்து சேராவிடில் அக்கொழுப்பு தேங்குகிறது. பெருவிழுங்கணுக்கள் பருத்து, நுண்ணோக்கியில் கசங்கிய மெல்லிய தாள் போலத் தோன்றுகின்றன. மண்ணீரலும் கல்லீரலும் வீங்குவதால் குழந்தையின் வயிறு பெருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் இடநெருக்கடி ஏற்பட, சோகையும் தட்டணுக் குறைவும் உண்டாகின்றன. சிறு காயத்திலும் குருதி நிற்பதில்லை. எலும்பு வலியும் முறிவும் தொடர்கின்றன. சிலரிடம் நரம்பு மண்டலமும் தாக்கப்படுகிறது. 1882ஆம் ஆண்டில் பாரிசில் பிலிப் கோஷே என்னும் மருத்துவ மாணவர் இந்நோயை முதலில் விவரித்தார். மண்ணீரலில் தோன்றிய கட்டி என்றே அவர் எண்ணினார். இதற்குக் காரணம் ஒரு நொதியின் குறைவே என்பதை 1960களின் நடுவில் அமெரிக்காவின் ரோஸ்கோ பிராடியும் உடனாய்வாளரும் கண்டறிந்தனர்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையுள்ள படி கிடைத்தால் மட்டுமே குழந்தைக்கு நோய் வரும். பெற்றோர் இருவரும் ஒரு பிழைப்படியையும் ஒரு நற்படியையும் உடையோராயின் அவர்களிடம் நோய்க்குறி தோன்றாது. ஆனால் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நேர்வாய்ப்பு உண்டு. ஒரே குடும்பத்தில் குழந்தைகள் அடுத்தடுத்து இந்நோய்க்கு ஆளாவது சாபத்தாலோ தாயின் குறையாலோ அன்று. வெள்ளணுக்களில் நொதியின் அளவைக் கண்டறியும் சோதனையும் மரபணுச் சோதனையும் இந்தியாவில் கிடைக்கின்றன. குடும்பத்தின் பிழை அறியப்பட்டபின் கருவுற்ற காலத்திலேயே கருவின் நிலையையும் அறிந்துகொள்ள இயலும்.

7. வெளியிலிருந்து ஒரு நொதி

குறைவது ஒரு நொதியெனின் அதனை வெளியிலிருந்து தரலாகாதா என்னும் எண்ணம் இயல்பானதே. 1970களில் மகப்பேற்றுக்குப் பின் கிடைக்கும் நஞ்சுக்கொடியிலிருந்து நொதியைப் பிரித்தெடுத்துப் பிராடி நோயாளிகளுக்குச் செலுத்தினார். பயன் நிலையாகக் கிட்டவில்லை. காரணம் முகவரிப் பிழையே. இயல்பான நொதியின் சர்க்கரைக் கிளைகளின் நுனியில் சியாலிக் அமிலம், கேலக்டோஸ் முதலிய கூறுகள் மூடியிருந்தன. அதனால் அது பெரும்பாலும் கல்லீரலின் பொது உயிரணுக்களால் ஈர்க்கப்பட்டது. கொழுப்புத் தேங்கிய பெருவிழுங்கணுக்களைப் போதிய அளவில் சென்றடையவில்லை.

பெருவிழுங்கணுவின் புறத்தே மேனோஸ் சர்க்கரையைப் பற்றும் ஏற்பி உள்ளது. எனவே நொதியின் மேல்மூடிக் கூறுகளை மூன்று நொதிகளால் ஒன்றன்பின் ஒன்றாகக் கழித்து, உள்ளிருக்கும் மேனோஸை வெளிப்படுத்தினர். கடித உறையின் மேல் முகவரியைத் திருத்தியெழுதியது போன்ற செயல் இது. திருத்தப்பட்ட நொதி உரிய அணுவால் விழுங்கப்பட்டு நேரே லைசோசோமைச் சென்றடைந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது. குருதி நிலை தேறியது. 1991ஆம் ஆண்டில் இம்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு வேண்டிய நொதியைப் பெறப் பல்லாயிரம் நஞ்சுக்கொடிகள் தேவைப்பட்டன. ஆகவே மரபணுவைச் சீன வெள்ளெலியின் உயிரணுக்களில் புகுத்தி ஆலையில் நொதியைப் பெறும் முறை வந்தது. இமிகுளுசரேஸ் என்னும் அம்மருந்து 1994ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. மனித உயிரணுக்களில் உருவாக்கப்படும் வெலாகுளுசரேஸ் 2010ஆம் ஆண்டிலும், கேரட் உயிரணுக்களில் உருவாக்கப்படும் டாலிகுளுசரேஸ் 2012ஆம் ஆண்டிலும் வந்தன. கேரட் முறையில் நொதியின் வாலில் ஒரு சிறு தொடரைச் சேர்த்து, அதனைத் தாவர உயிரணுவின் நுண்குமிழிக்கு அனுப்புகின்றனர். அங்குச் செல்லும்போது மேனோஸ் இயல்பாகவே வெளிப்பட்டுவிடுகிறது, பின்னர்ச் செதுக்கவேண்டியதில்லை.

பாக்டீரியாவில் இதனை எளிதாகச் செய்யலாகாதா என்னும் வினாவிற்கும் இங்கு விடை கிடைக்கிறது. பாக்டீரியாவில் எண்டோபிளாச வலைப்பின்னலும் இல்லை. கோல்கை உறுப்பும் இல்லை. எழுத்தை மொழிபெயர்க்க அதனால் இயலும். ஆனால் மனித உயிரணுவைப் போல் மடித்து, சர்க்கரை ஏற்றி, செதுக்கித் தர இயலாது. ஆகவே உயர்நிலை உயிரணுக்களையே தூய சூழலில் பேணி வளர்க்கவேண்டியுள்ளது. செலவு மிகுதிக்கு இது ஒரு காரணம். நோயாளிகள் உலகெங்கும் சிலரே என்பதும், உருவாக்கும் நிறுவனங்களும் சிலவே என்பதும் பிற காரணங்கள். பொதுமக்களிடையே இந்நோய் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படுகிறது.

இம்மருந்துக்கும் எல்லை உண்டு. பெரும் மூலக்கூறாகிய நொதி இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுவதில்லை. ஆகவே நரம்புக் கேடுகளை அது தீர்ப்பதில்லை. கொழுப்பு உருவாவதையே குறைக்கும் எலிகுளுஸ்டாட் போன்ற வாய்வழி மருந்துகள் பின்னர் வந்தன. தவறாக மடியும் நொதியைத் தாங்கிப் பிடித்துத் தணிக்கையைக் கடக்கச் செய்யும் சிறு மூலக்கூறுகளும் ஆராயப்பட்டு வருகின்றன. சளியை இளக்க இந்திய மருந்துக்கடைகளில் நெடுங்காலமாக விற்கப்படும் அம்பிராக்சால் அத்தகைய பண்புடையது என்பது 2009ஆம் ஆண்டில் தெரியவந்தது. கோஷே நோய்க்கு அதனைப் பயன்படுத்துவது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

8. தீர்ப்பும் அதன்பின்னும்

தில்லி வழக்கில் அரசுத் தரப்பு நிதியின் வரம்பைச் சுட்டியது. ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் இவ்வளவு செலவிட்டால் பலருக்குச் செய்யவேண்டிய பணிகள் குறையும் என்னும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. நீதிமன்றமும் அரசின் பொருள்வளம் வரம்புடையது என்பதை ஏற்றது. எனினும், வாழ்வுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு நலவாழ்வு பெறும் உரிமையையும் உள்ளடக்கியது என்றும், மருந்து இருக்க, வறுமை ஒன்றே காரணமாக ஒரு குழந்தை இறப்பதை அரசு பார்த்திருக்க இயலாது என்றும் கருதியது. சிறுவனுக்கு வேண்டிய நொதி மருத்துவத்தைத் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் கட்டணமின்றி அளிக்கத் தில்லி அரசுக்கு ஆணையிட்டது.

ஒரு சிறுவனுக்குக் கிடைத்த தீர்ப்பு எல்லாருக்கும் உரிய திட்டமாகிவிடாது. அரிய நோய்களுக்கென 2017ஆம் ஆண்டில் நடுவணரசு ஒரு கொள்கையை வகுத்துப் பின்னர் நிறுத்திவைத்தது. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் புதிய தேசியக் கொள்கை வெளியாயிற்று. தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகமும் தில்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியும் அதன்கீழ்ச் சிறப்பு மையங்களாக அறிவிக்கப்பட்டவற்றுள் அடங்கும். தொடக்கத்தில் கோஷே நோய் போன்ற, வாழ்நாள் மருத்துவம் வேண்டும் நோய்களுக்கு உறுதியான நிதி ஒதுக்கப்படவில்லை. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் எப்பிரிவைச் சார்ந்த அரிய நோயாயினும் நோயாளி ஒருவருக்கு 50 இலட்சம் ரூபாய் வரை உதவி என்று திருத்தப்பட்டது.

இத்தொகை சிறிதன்று. ஆயினும் நொதி இரு வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தப்படுவது. அதன் அளவு உடல் எடைக்கேற்பக் கணிக்கப்படுவது. குழந்தை வளர வளர மருந்தின் அளவும் செலவும் வளரும். செலுத்திய நொதி சில நாள்களில் சிதைந்துவிடும். உயிரணு தானாக மீண்டும் செய்துகொள்ளாது. எனவே வரம்புடைய தொகைக்கும் வரம்பற்ற தேவைக்கும் இடையே உள்ள இடைவெளி, புரதத்தின் இயல்பிலேயே தோன்றுவது. அதனைக் குறைக்க உள்நாட்டு உற்பத்தியும் விலைக் குறைப்பும் வேண்டப்படுகின்றன.

9. முடிவுரை

மரபணுவில் தொடங்கி லைசோசோமில் முடியும் பயணத்தில் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் படியெடுக்கப்படுகிறது, மொழிபெயர்க்கப்படுகிறது, முகவரி கழிக்கப்படுகிறது, மடிக்கப்படுகிறது, தணிக்கை செய்யப்படுகிறது, செதுக்கப்படுகிறது, வழிகாட்டியுடன் அனுப்பப்படுகிறது. இவ்வேழு நிலைகளுள் எந்த ஒன்று தவறினும் இறுதி அறையில் நொதி இராது. ஓரெழுத்துப் பிழை மடிப்பைக் கெடுத்தது. மடிப்புப் பிழை பயணத்தைத் தடுத்தது. பயணத் தடை ஒரு குடும்பத்தை நீதிமன்ற வாயிலில் கொண்டு நிறுத்தியது. மருத்துவமும் அதே அறிவைக்கொண்டே அமைந்தது. சர்க்கரைக் கிளையின் நுனியைத் திருத்தியதனால்தான் நொதி மருந்தாயிற்று.

இத்துறைச் செய்திகளைத் தமிழில் கூறுவதற்குச் சொற்கள் போதா என்னும் கருத்து அவ்வப்போது எழுவதுண்டு. படி, மொழிபெயர்ப்பு, முகவரி, மடிப்பு, தணிக்கை, முத்திரை என்னும் வழக்குச் சொற்களே இந்நிகழ்வின் பெரும்பகுதியை விளக்கப் போதுமானவை என்பதை இங்குக் காணலாம். மருத்துவமனையில் தம் குழந்தைக்கு நேர்ந்தது யாது என்று வினவும் பெற்றோருக்கு, நோய் அவர்கள் செய்த தவறன்று, எழுத்து ஒன்று மாறியதால் நேர்ந்தது என்பதையும், அடுத்த மகப்பேற்றுக்கு முன் செய்யத்தக்க சோதனைகள் உள்ளன என்பதையும் அவர்கள் மொழியிலேயே எடுத்துரைத்தல் இயலும். அவ்விளக்கம் உரிய காலத்தில் கிடைக்குமாயின், குழந்தைகளை ஒருவர்பின் ஒருவராக இழந்தபின்னரே நோயின் பெயரை அறியும் நிலை குறையும்.